ஆற்றுவாய் திறக்கும் நேரம்

  

'ஊரும் ஆறும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. மதுரை என்றால் வைகை. உறையூர் என்றால் காவிரி. லண்டன் என்றால் தேம்ஸ். பழைய தலைநகர்கள் பலவற்றின் மடியில் ஓர் ஆறு கிடக்கும். அப்படியென்றால் மட்டக்களப்புக்கு எது ஆறு?

வெளியூர் நண்பர் கேட்டால் "எங்களுக்கு வாவிதான் இருக்கிறது" என்று புத்தகத் தமிழில் சொல்லிவிடுவோம். வீட்டில் எப்படிப் பேசுகிறோம்? "ஆத்துக்கு அங்கால போயிட்டு வாறன்" என்கிறோம். சந்தையில் "இது ஆத்துமீனா, கடல்மீனா?" என்று கேட்டுத்தான் வாங்குகிறோம். மாரி பிறந்துவிட்டால் "ஆத்துவாய் வெட்டியாச்சா?" என்று ஒருவரை ஒருவர் விசாரிக்கிறோம். நம் வாய்க்கு அது ஆறு. நம் மனதுக்கும் அது ஆறுதான். ஆகவே இன்று மாலை நான் பேசப்போவது நம்முடைய ஆற்றைப் பற்றி. குறிப்பாக அதன் வாயைப் பற்றி. அந்த வாயை எப்போது திறப்பது, யார் சொல்லித் திறப்பது என்ற பழைய வழக்கைப் பற்றி.

முதலில் ஆற்றின் உருவத்தைக் கண்முன் கொண்டுவாருங்கள். வடக்கே ஏறாவூர், பங்குடாவெளிப் பக்கம் தொடங்குகிறது. தெற்கே கல்முனைக்கு மேற்கே கிட்டங்கி வரை நீள்கிறது. சுமார் 56 கிலோமீற்றர். கடலுக்குப் பக்கத்திலேயே, கடலோடு சேர்ந்தாற்போல, ஆனால் கடலில் சேராமல் கிடக்கிறது. நடுவே இருப்பது ஒரு மணல் வரம்பு. அந்த வரம்பின் மேல்தான் ஆரையம்பதி, காத்தான்குடி, தாழங்குடா, கிரான்குளம், தேத்தாத்தீவு, களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் கோத்த மாலைபோல் வருகின்றன. சூரியன் எழும் பக்கம், எழுவான்கரை. அக்கரையில் வயலும் காடும் குளமும். சூரியன் படும் பக்கம், படுவான்கரை. திசையை வைத்து ஊருக்குப் பெயர் வைத்தவர்கள் உண்டு. காலையையும் மாலையையும் வைத்து இரண்டு கரைக்கும் பெயர் வைத்தவர்கள் நம் முன்னோர்.

பெயர்களைக் கொஞ்சம் சொல்லிப் பாருங்கள். அம்பிளாந்துறை: துறை. மண்முனை, கோட்டைமுனை: முனை. முதலைக்குடா, கன்னன்குடா: குடா. மகிழடித்தீவு, வவுணதீவு, புளியந்தீவு: தீவு. பாலமீன்மடு: மடு. குருமண்வெளி: வெளி. வேறு நிலப்படம் எதற்கு? ஊர்ப்பெயர்களைக் கேட்டே ஒரு தோணிக்காரன் கரையின் வளைவைத் தெரிந்துகொள்வான். மட்டக்களப்பு என்ற பெயரிலேயே களப்பு இருக்கிறதே! நீர் முந்தியது, ஊர் பிந்தியது என்பதை அந்தப் பெயர் ஒவ்வொரு நாளும் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இப்போது உங்களை ஓர் இடத்துக்கு அழைத்துப் போகிறேன். மண்டூர்த் துறை.

'பாதை' என்றால் உலகத் தமிழருக்கெல்லாம் நடந்து போகும் வழி. நமக்குப் பாதை என்பது தண்ணீரில் மிதப்பது. அக்கரையிலிருந்து இக்கரைக்கு ஆளையும் மாட்டையும் சைக்கிளையும் ஏற்றிவரும் மிதவை. வெளியூர் மனிதர் "பாதை எங்கே?" என்று கேட்டுத் தரையைப் பார்ப்பார். நாம் தண்ணீரைப் பார்ப்போம். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே அந்தப் பாதை. குருக்கள்மடத்துக்கும் அம்பிளாந்துறைக்கும் இடையே இன்னொன்று. 2014இல் யப்பானிய உதவியோடு மண்முனைப் பாலம் திறக்கும் வரை அங்கும் ஒன்று.

என் பள்ளிப் பருவம் மண்டூர்ப் பாதையில் கழிந்தது. விடியற்காலையில் பலகை ஈரமாக இருக்கும். வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுவோம். படுவான்கரைத் தயிர், சட்டிசட்டியாக, வாயில் கடதாசி கட்டி, ஓரத்தில் அடுக்கியிருக்கும். நெல்மூட்டை, சைக்கிள், கால் கட்டிய ஆட்டுக்குட்டி, முருகன் கோயிலுக்கு வந்து திரும்பும் கிழவிமார். எல்லாம் ஏறியதும் பாதைக்காரர் சத்தம் போடுவார்: "ஒரு பக்கமா நிக்காதீங்க மனே! பரந்து நில்லுங்க! பாதை சாயுது!" ஒவ்வொரு நாளும் அதே சத்தம். நாங்கள் சிறுவர்கள், மீன் துள்ளும் பக்கமாக ஓடுவோம். பலகை மெல்லச் சாயும். உடனே பெரியவர்கள் எதிர்ப்பக்கம் இரண்டு அடி வைப்பார்கள். பாதை நிமிரும்.

ஓர் இரவு. பிள்ளைப்பேற்று நோவு கண்ட ஒரு தாயை நாற்காலியில் இருத்தித் துறைக்குத் தூக்கி வந்தார்கள். அரிக்கன் லாம்பைத் தூக்கி அசைத்து, பாதைக்காரரைக் கூவி எழுப்பினார்கள். நாற்காலியைத் தூக்கி வந்த நால்வரும் நாற்காலியோடு ஒரு பக்கமாக நின்றுவிட்டார்கள். பாதை சாய்ந்தது. அப்போது அங்கே நின்ற எல்லோரும், யாரும் சொல்லாமலே, மறுபக்கம் போய் நின்றார்கள். அக்கரை சேரும் வரை ஒருவரும் அசையவில்லை. அந்த இருட்டில் லாம்பின் வெளிச்சம் மட்டும் தண்ணீரில் நீண்டு கிடந்தது. அந்த இரவை நான் மறக்கவில்லை. இந்தச் சொற்பொழிவு முழுவதும் அந்த இரவிலிருந்துதான் வருகிறது என்றே சொல்வேன்.

அன்பர்களே! இந்த ஆறு வயலுக்கும் தோணிக்கும் மட்டும் உரியதா? ஓர் அரசின் வாசலாகவும் இது இருந்திருக்கிறது. மலைநாட்டில் கண்டி அரசு. கடற்கரை எல்லாம் போர்த்துக்கேயர் கைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். கண்டி மன்னனுக்குக் கடலைப் பார்க்க மிஞ்சியிருந்த சில கதவுகளில் ஒன்று இந்த மட்டக்களப்பு. 1602இல் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்துக் கப்பற்றலைவர் நங்கூரம் போட்டது இங்கேதான். இங்கிருந்துதான் அவர் கண்டிக்குச் சென்று விமலதர்மசூரிய மன்னனைக் கண்டார்.

அந்தக் கதவைப் பூட்ட நினைத்த போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டுகள். 1638 மே 18ஆம் நாள் வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தர், கண்டியின் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து அதைப் பிடித்தார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் கைக்கு வந்த முதல் கோட்டை அதுதான். ஐந்து நாட்கள் கழித்து, மே 23ஆம் நாள், இந்த ஆற்றங்கரையிலேயே மன்னனும் ஒல்லாந்தரும் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். போர்த்துக்கேயரை வெளியேற்ற என்று செய்த அந்த உடன்படிக்கை, கடைசியில் ஓர் அந்நியனை அனுப்பி இன்னோர் அந்நியனை இருத்தியது. தீவு முழுவதன் தலையெழுத்தும் மாறிய இடம் நம் ஊர் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? நாளாந்தம் அந்தக் கோட்டை மதிலைக் கடந்து பள்ளிக்குப் போகிற பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுத்தோமா?

பிறகு 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற இளம் மெதடிஸ்த பாதிரியார் தோணியில் வந்து புளியந்தீவுக் கரையில் இறங்கினார். பள்ளிகளைத் தொடங்கினார். ஓராண்டு நிறையுமுன் நோயுற்று மறைந்தார். அவர் ஊன்றிய வித்துத்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1924இல் கல்லடியில் இரும்புப் பாலம் வந்தது. ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் லேடி மனிங் பாலம். 2013இல் அதன் பக்கத்தில் புதிய பாலம் திறந்தார்கள். பழைய பாலத்தின் இரும்பு இன்னும் அப்படியே நிற்கிறது. கோட்டை வந்தது, பள்ளி வந்தது, பாலம் வந்தது. எல்லாம் ஆற்றைக் கேட்டுத்தான் வந்தன. ஆற்றின் வளைவு எங்கே, ஆழம் எங்கே, துறை எங்கே என்று பார்த்துத்தான் வந்தன.

சரி, இனி ஆற்றின் வாய்க்கு வருவோம்.

நம் ஆற்றுக்கு இரண்டு வாய்கள். ஒன்று பாலமீன்மடுவில், முகத்துவாரம். மற்றது தெற்கே பெரியகல்லாற்றில். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கிறது. காற்றும் அலையும் சேர்ந்து கட்டும் மணல் மேடு அது. மாரியில் என்ன நடக்கிறது? வடகீழ்ப் பருவமழை இறங்குகிறது. உன்னிச்சைக் குளம் வான் பாய்கிறது. நவகிரிக் குளம் வான் பாய்கிறது. பட்டிப்பளை ஆற்று வடிநிலத்தின் நீரில் ஒரு பங்கு தெற்கு அந்தத்தால் வந்து சேர்கிறது. எல்லாத் தண்ணீரும் ஒரே கிண்ணத்துக்குள். ஆழம் குறைந்த கிண்ணம். நான்கு மீற்றருக்கு மேல் ஆழம் இல்லை. கிண்ணம் நிறைகிறது, விளிம்பு தளும்புகிறது, வாயோ மணலால் மூடியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் வழக்குத் தொடங்குகிறது.

படுவான்கரை வேளாண்மைக்காரர் சொல்கிறார்: "என் முன்மாரிப் பயிர் தண்ணிக்குள்ள நிக்குது. இன்னும் நாலு நாள் நிண்டா அழுகிப்போகும். வாயை வெட்டுங்க." நியாயம்தானே? தாழ்ந்த கண்டத்து வயல்காரர் வரம்பில் நின்று பார்க்கும்போது, பச்சை நுனி மட்டும் நீருக்கு மேல் தெரிந்தால் அவர் நெஞ்சு என்ன பாடுபடும்?

எழுவான்கரை மீனவர் சொல்கிறார்: "அவசரப்பட்டு வெட்டினா ஆத்துத்தண்ணி எல்லாம் ஒரே ஓட்டமாக் கடலுக்குப் போகும். மீனும் அதோட போகும். வத்தின ஆத்தில நான் எதுக்கு வலை எறியிற?" அதுவும் நியாயம்தானே? ஆழ்கடலுக்குப் போகும் இயந்திரப் படகு அவரிடம் இல்லை. ஒரு தோணி, ஒரு வீச்சுவலை, அவ்வளவுதான் அவருடைய முதல்.

ஆனால் வாயைத் திறக்காமலே விட்டாலும் மீனவருக்கு வாழ்வில்லை. இறாலின் வாழ்க்கையைக் கவனியுங்கள். அது முட்டையிடுவது கடலில். குஞ்சு, நூல்முனை அளவில் இருக்கும்போதே, வாய் வழியாக ஆற்றுக்குள் வருகிறது. கண்டல் மரங்களின் வேர்களுக்குள் ஒளிந்து, உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் வளர்கிறது. வளர்ந்ததும் மறுபடி கடலுக்குப் போகிறது. வாய் திறந்திருந்தால்தான் வரலாம், போகலாம். அதே வாய், ஆற்றுமட்டம் தாழ்ந்திருக்கும்போது திறந்து கிடந்தால், உவர்நீர் ஏறி வயலைக் கெடுக்கும். அதே வாய், வெள்ளத்தில் மூடிக் கிடந்தால், நகரத்தின் தாழ்ந்த வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும். 2011 ஜனவரி வெள்ளத்தை இந்த மண்டபத்தில் யார் மறந்தார்கள்? பள்ளிக்கூடங்களில் பாய் விரித்துப் படுத்தவர்கள் இங்கே எத்தனை பேர் இருக்கிறீர்கள்!

வெட்டும் காட்சியைச் சிறு வயதில் ஒருமுறை பார்த்தேன். மண்வெட்டியோடு ஆட்கள் நின்றார்கள். இப்போது பெக்கோ வந்துவிட்டது. மணல் மேட்டின் நடுவே முழ அகலத்தில் ஒரு சிறு வாய்க்கால் இழுத்தார்கள். அதில் தண்ணீர், தயங்கித் தயங்கி, விரலளவில் கசிந்தது. இவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. என்னை அழைத்துப் போன அப்பப்பா, "பாத்துக்கொண்டு நில்லு மனே, கிட்டப் போகாத" என்றார். கொஞ்ச நேரத்தில் மணல் இரு பக்கமும் பொத்துப்பொத்தென்று விழத் தொடங்கியது. விரலளவு கையளவாயிற்று. கையளவு தோணியளவாயிற்று. மாலை ஆகுமுன், காலையில் ஆட்கள் நின்று வெட்டிய இடத்தில், செந்நிற வெள்ளம் இரைந்துகொண்டு போனது. திறக்கும்வரைதான் மனிதன் கையில். திறந்த பிறகு ஆறு தன் எண்ணப்படி போகும். அப்படியானால் கை வைக்குமுன் எத்தனை முறை யோசிக்க வேண்டும்!

அதனால்தான் நம் மண்ணில் கூடிப் பேசும் வழக்கம் வந்தது. வயலில் எந்தக் கண்டத்துக்கு எப்போது தண்ணீர் என்பதை நீர் பங்கிடும் வட்டைவிதானையை வைத்துக்கொண்டு கூட்டம் போட்டுத்தான் தீர்த்தார்கள். ஆற்றுவாயையும் அப்படித்தான். வேளாண்மைக்காரரும் மீனவரும் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் அரசாங்க அதிபர் முன் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள். அரசாங்க அதிபரின் அலுவலகமான கச்சேரி நெடுங்காலம் இருந்தது எங்கே? புளியந்தீவுக் கோட்டைக்குள்! யோசித்துப் பாருங்கள். ஆற்றின் வாசலை மற்றவருக்குப் பூட்டுவதற்கென்று அந்நியன் கட்டிய மதிலுக்குள், ஆற்றின் வாயை எப்போது திறக்கலாம் என்று இரண்டு கரை மக்களும் வாதாடினார்கள். அந்தக் கோட்டை பெற்ற பெருமைகளில் பெரியது இதுவென்றே நான் கருதுகிறேன்.

கூடிப் பேசுவதற்கு முதல் தகுதி எது? கேட்பது. காது கொடுத்துக் கேட்பது. கேட்பதற்குப் பெயர்போன ஊர் அல்லவா நம் ஊர்? மீன் பாடும் தேனாடு அல்லவா?

முழுநிலா இரவில், காற்று அடங்கிய நேரத்தில், கல்லடிப் பாலத்தடியில் தோணியை நிறுத்தி, சவளைத் தண்ணீருக்குள் விட்டு அதன் மறுமுனையைக் காதில் வைத்தால் கேட்கும் என்று நம் முன்னோர் சொன்னார்கள். எமர்சன் ரெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி 1848இல் இங்கே வந்து, தோணியில் போய், தாமே கேட்டார். ஈரவிரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தடவினால் எழும் மெல்லிய அதிர்வுபோல் இருந்தது என்று எழுதினார். 1950களில் அருட்தந்தை லாங் என்ற அமெரிக்க யேசுசபைக் குருவானவர் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அந்த ஒலியைப் பதிவுசெய்தார். பிறகு வானொலி வழியாக நாடே கேட்டது. ஊரிதான் பாடுகிறது என்பார் சிலர். மீன்தான் என்பார் சிலர். பாடுவது எதுவானாலும், கேட்க வேண்டுமானால் நாம் பேச்சை நிறுத்த வேண்டும். இயந்திரத்தை நிறுத்த வேண்டும்.

நிறுத்திக் கேட்ட ஒருவரைச் சொல்கிறேன். 1892இல் காரைதீவில் பிறந்து, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் கண்ட சுவாமி விபுலானந்தர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். இந்த ஆற்றின் இசையைக் கேட்டு 'நீரர மகளிர் இன்னிசைப் பாடல்' பாடியவர். மறைந்துபோன யாழை ஆண்டுக்கணக்காகத் தேடி 'யாழ்நூல்' செய்தவர். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் நூலை அரங்கேற்றினார். அடுத்த மாதமே கண்மூடினார். உப்போடையில், ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே, தாம் வளர்த்த பள்ளியின் வளவிலேயே உறங்குகிறார். தண்ணீருக்குள்ளிருந்து வரும் நுண்ணிய ஒலிக்குக் காது கொடுத்த ஊரிலிருந்துதான், இறந்துபோன இசைக்கருவிக்குக் காது கொடுத்த மனிதர் வந்தார். இதில் எனக்கு வியப்பே இல்லை.

அன்பர்களே, நான் இன்பக் கதை மட்டும் சொல்ல வரவில்லை. இந்த ஆறு துன்பமும் கண்டது. நாம் ஒருவரை ஒருவர் கேட்க மறந்த காலம் ஒன்று இருந்தது. போர்க்காலத்தில் இந்த ஆறே எல்லைக்கோடானது. ஒரு கரையில் ஓர் ஆட்சி, மறுகரையில் வேறோர் ஆட்சி. பாதை ஏறப்போனவர் பையைத் திறந்து காட்டி, பெயரைப் பதிந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏறினார். 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் கொக்கட்டிச்சோலை, மகிழடித்தீவு மண்ணில் நம் மக்கள் கொல்லப்பட்டார்கள். 1990 ஓகஸ்ட் 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில், தொழுகையில் நின்ற நம் மக்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டு இடத்திலும் 'நம் மக்கள்' என்றே சொன்னேன். தெரிந்துதான் சொன்னேன். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று பழமொழி சொல்லி வாழ்ந்தவர்கள் நாம். ஒரே குழலில் அவிந்த அரிசிமாவையும் தேங்காயையும் எந்தக் கை பிரித்தெடுக்கும்?

இயற்கையும் நம்மை விட்டுவைக்கவில்லை. 1978 நவம்பர் 23, சூறாவளி. தென்னைகள் பாதியில் முறிந்து வரிசையாகக் கிடந்தன. 2004 டிசம்பர் 26, ஆழிப்பேரலை. கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே மெல்லிய நாக்குப்போல் கிடந்த நாவலடியைக் கடந்து, கடல் வந்து ஆற்றுக்குள் விழுந்தது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சாய்ந்து நின்றதைப் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்த நாட்களில் தோணியெடுத்து உடல்களைத் தேடியவர்கள் யார்? சோற்றுப் பொதி கட்டிக் கொண்டுவந்தவர்கள் யார்? எந்தக் கரை, எந்தச் சமயம் என்று அன்று யாரும் கேட்கவில்லை. பாதை சாய்ந்தபோது மறுபக்கம் போய் நின்றார்கள். அவ்வளவுதான்.

இன்று என்ன நிலை? நெஞ்சில் கைவைத்துச் சொல்வோம். வேளாண்மைக்காரரும் மீனவரும் வருடந்தோறும் மோதிக்கொண்டாலும் கூட்டத்துக்கு வருகிறார்கள். ஆற்றோடு வழக்குள்ள மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் கூட்டத்துக்கு வருவதே இல்லை. யார் அவர்? நாம்தான். நகரத்தில் இருக்கும் நாம். வயலும் இல்லாத, வலையும் இல்லாத, சம்பளத்தில் வாழும் நாம். ஆற்றைப் பார்த்து மாலைக்காற்று வாங்குகிறோம். படம் எடுக்கிறோம். வீட்டின் முகத்தைத் தெருவுக்குத் திருப்பி, முதுகை ஆற்றுக்குக் காட்டிவிட்டோம். வீட்டுக் கழிவுநீரும் பொலித்தீன் பையும் அந்த முதுகுப்பக்க வழியாகத்தான் போகின்றன. ஓரத்துக் கண்டல்கள் வெட்டப்படுகின்றன. கரை மண்போட்டு நிரப்பப்படுகிறது. நிரப்பிய மண் எவ்வளவோ, அவ்வளவு தண்ணீர் மறுமாரியில் வேறொருவர் முற்றத்தில் ஏறும். கிண்ணத்தின் கணக்கு அது. தெற்கே கிட்டங்கியில் ஆற்றுவாழை மூடிக் கிடக்கும்போது தோணி எப்படி நகரும்? வலை எங்கே விழும்?

இதற்கு மருந்து உண்டா? உண்டு. ஒடிசாவில் சிலிக்கா ஏரி. அதுவும் நம்முடையதைப் போலக் கடலோரக் களப்புத்தான், ஆனால் மிகப் பெரியது. வாய் மணலால் தூர்ந்தது. உப்புக் குறைந்தது. நீர்ப்பாசி பரவியது. மீன் அருகியது. 1993இல் உலக அளவில் ஆபத்துக்குள்ளான ஈரநிலங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். பிறகு அறிஞர்கள் அளந்தார்கள், மீனவர்களிடம் கேட்டார்கள். 2000 செப்டெம்பரில், இடம் பார்த்து, ஒரு புதிய வாய் வெட்டினார்கள். மீன் பல மடங்கு திரும்பிவந்தது. 2002இல் அந்தப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். தேம்ஸ் நதியைப் பாருங்கள். 1858 கோடையில் அதன் நாற்றம் தாங்காமல் பாராளுமன்றமே திணறியது. 1957இல் உயிரற்ற நதி என்றே அறிவியலாளர் எழுதிவிட்டார்கள். பிறகு கழிவுநீரைச் சுத்திகரித்துவிடத் தொடங்கினார்கள். 1974இல் சால்மன் மீன் மறுபடி கிடைத்தது. செத்தது என்று எழுதிய ஆற்றுக்கு உயிர் வந்ததென்றால், இன்னும் இறால் துள்ளும் நம் ஆற்றை நாம் கைவிடலாமா?

நான் மூன்று காரியங்கள் கேட்கிறேன். பெரிய காரியங்கள் அல்ல.

ஒன்று. இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் சமையலறைத் தண்ணீர் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து நடந்து பாருங்கள். வளவைத் தாண்டி, ஒழுங்கையைத் தாண்டி, அது எங்கே விழுகிறதோ அதுவரை நடவுங்கள். அந்த நடையை ஒருமுறை நடந்தவர் மறுநாள் பொலித்தீன் பையைக் கானுக்குள் எறியமாட்டார்.

இரண்டு. ஆற்றங்கரைப் பள்ளிகளின் ஆசிரியர்களே! ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு குறிப்பேடு வையுங்கள். துறையில் ஓர் அளவுகோல் நடுங்கள். இன்று நீர்மட்டம் எவ்வளவு, உப்பு எவ்வளவு, வாய் திறந்த நாள் எது, மூடிய நாள் எது, எந்த மீன் சந்தைக்கு வந்தது. பிள்ளைகள் எழுதட்டும். பத்து ஆண்டு கழித்து அந்தக் கொப்பிகளைக் கூட்டத்தின் மேசையில் வைத்தால், குரலை உயர்த்திப் பேசவேண்டிய தேவை குறையும்.

மூன்று. ஆற்றுவாய்க் கூட்டத்துக்கு நகரத்தார் போக வேண்டும். கேட்கப் போக வேண்டும். வேளாண்மைக்காரர் பேசும்போது அவர் வயலைக் கண்ணில் காண வேண்டும். மீனவர் பேசும்போது அவர் பிள்ளைகளின் தட்டைக் கண்ணில் காண வேண்டும். கரையில் இறால் பொறுக்கும், நண்டு விற்கும் பெண்களுக்கு அங்கே நாற்காலி போட வேண்டும். ஆறு யாருக்கெல்லாம் சோறு போடுகிறதோ, அவர்களெல்லாம் பேச வேண்டும். அதன் பிறகுதான் நம்முடைய முறை. எங்கள் கழிவுநீருக்கு நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று அந்தச் சபையில் எழுந்து சொல்ல வேண்டியது நம் கடன்.

இரண்டு பாலங்கள் வந்துவிட்டன, மூன்று பாலங்கள் வந்துவிட்டன, இனியும் வரும். வரவேண்டும். நோவெடுத்த தாயை இரவில் நாற்காலியில் தூக்கும் நிலை எந்த ஊருக்கும் வேண்டாம். ஆனால் பாலத்தில் போகும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். நான் எந்தப் பக்கம் நின்றாலும் பாலம் சாயாது. அதனால் மற்றவர் எங்கே நிற்கிறார் என்று நான் பார்க்கவேண்டியதில்லை. பாதையில் அப்படியா? நான் வைக்கும் அடி அடுத்தவர் காலடியில் தெரியும். இந்த ஆறு, 56 கிலோமீற்றர் நீளமான ஒரு பாதை. வேளாண்மைக்காரர், மீனவர், நகரத்தார், தமிழர், முஸ்லிம்கள், எல்லோரும் ஒரே பலகையில் ஏறி நிற்கிறோம்.

என்னைப் பாதையேற்றிய அந்தப் பெரியவர் இன்று இல்லை. அவர் குரல் இருக்கிறது. மாரி பிறக்கப்போகிறது. கிண்ணம் நிறையப்போகிறது. வாயைப் பற்றிய பேச்சு மறுபடி எழும். அந்தப் பேச்சுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்தக் குரலைக் காதில் வைத்துக்கொண்டு போங்கள்: "ஒரு பக்கமா நிக்காதீங்க மனே. பரந்து நில்லுங்க."